இங்கே கல்லுப்பு மட்டும்

ஆடி 3, சனி

இன்றுமுதல் நான் உண்பவை அனைத்தையும் எழுதி வைக்கவேண்டும் என்பது செவிலியரின் ஆணை. முப்பத்தேழு அகவையில் தலைப்பிள்ளை. பன்னிரண்டு ஆண்டுக் காத்திருப்பு. ஆகவே கரட்டுப்பட்டி அரசு நலவாழ்வு நிலையத்தில் என்னைக் கண்ணாடிக் கலம்போல் கையாள்கிறார்கள். நாற்பது பக்க ஏடொன்று போதும் என்றார் அவர். நான் நானூறு பக்கக் குறிப்பேடு வாங்கினேன். கயற்கண்ணி சுருக்கமாக எழுதினாள், சுருக்கமாகப் பேசினாள் என்று இந்த மாவட்டத்தில் எவரும் சொன்னதில்லை.

காலை: கேழ்வரகுக் கூழ், சின்ன வெங்காயம். நண்பகல்: சோறு, முருங்கைக்கீரைப் பொரியல், மோர். மாலை: அவித்த பாசிப்பயறு. இரவு: மாயக்காள் கடை இட்டலி நான்கு.

யாவும் நம் மண்ணின் உணவு. புட்டியில் அடைத்ததோ பையில் அடைத்ததோ ஒன்றுமில்லை. தூய உணவால் என் பிள்ளை தூய அறிவு பெறும்.

ஆடி 9, வெள்ளி

பள்ளி முடிந்து வரும் வழியில் மாயக்காளின் இட்டலிக் கடையில் அமர்ந்தேன். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே உள்ளது. இருபத்தைந்து அகவையினள், என்னிடம் தமிழ் படித்தவள். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. என்மேல் வைத்த பற்று நிற்கவில்லை. கடை முகப்பில் நீலப் பலகை ஒன்றில் வெள்ளை எழுத்தில் இப்படித் தீட்டி வைத்திருக்கிறாள்: ‘கயற்கண்ணி டீச்சர் சொன்னபடி, இங்கே கல்லுப்பு மட்டும்.’

நான்காண்டுக்கு முன் நான் ஆற்றிய உப்புப் பேச்சின் விளைவு அது. கடலோரத்துச் சிறு உப்பளத்தாரின் கல்லுப்பை ஒதுக்கிவிட்டு, எதையோ கலந்து பையில் அடைத்த வெள்ளைத் தூளை நம் தலையில் கட்டுகிறார்கள் என்று சந்தைத் திடலில் முழங்கினேன். ‘கலப்பில் கெடும் மொழி; கலப்பில் கெடும் உப்பு’ என்ற என் வரி இன்றும் ஊர்ச் சுவர்களில் நிற்கிறது. அந்த வாரமே மளிகைக் கடைகளில் பை உப்பு வாங்குவார் இல்லாமற் போயிற்று. கைதட்டலோடு முடிந்த என் பேச்சுகள் பல. அடுக்களைவரை சென்றது அது ஒன்றே.

மாயக்காளின் மகளுக்கு இரண்டே முக்கால் அகவை. கைக்குழந்தையை மேடைக்குத் தூக்கிவந்து பேச்சாளரிடம் கொடுத்துப் பெயர் கேட்பது இப்பக்கத்து வழக்கம். நானும் அறுபது பிள்ளைகளுக்கேனும் சூட்டியிருப்பேன். இவளுக்கு நாவரசி என்று வைத்தேன். நாவரசி இன்னும் ஒரு சொல்லும் பேசவில்லை.

பேருந்து வந்து நின்றது. வழக்கம்போல் அவளை மடியில் இருத்தி, “அதோ பார், பேருந்து. எங்கே, சொல்லு. பே, ருந், து” என்றேன். அவள் விரலை நீட்டி “ம்ம்” என்றாள்.

“ஒரு வருசமா அதத்தான் சொல்றீக டீச்சர். அவளும் கைய நீட்டுறா, பஸ்ஸும் வந்து வந்து போகுது” என்று மாயக்காள் சிரித்தாள். பிறகு அடுப்பைப் பார்த்தபடி, “இவ பேசிருவாள்ல?” என்றாள்.

“சில பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசுவார்கள். கவலையை விடு” என்றேன். நான் சொன்னால் அவள் விட்டுவிடுவாள்.

ஆடி 20, செவ்வாய்

குருதி ஆய்வின் முடிவு வந்தது. மருத்துவர் சகாயமேரி தாளைப் பார்த்தார். என் கழுத்தைத் தொட்டு, எச்சிலை விழுங்கச் சொன்னார்.

“தைராய்டு கம்மியா இருக்கு டீச்சர். உடம்பு அசதியா இருக்குமே? குளிர் தாங்காதே?”

கருவுற்றவளுக்கு அசதி இயல்பு என்றிருந்தேன். “கேடயச் சுரப்பியைச் சொல்கிறீர்களா?” என்றேன்.

“அதேதான். நீங்க என்ன பேரு வச்சுக் கூப்பிட்டாலும் அதுக்குத் தீனி அயோடின். வேற காரணம் இருக்கான்னும் பாத்தேன், இல்ல. வீட்டுல என்ன உப்பு?”

விடையை அவரே அறிவார். ஊர்ச் சுவர்களைக் கடந்துதான் அவரும் பணிக்கு வருகிறார்.

“முதல் நாலஞ்சு மாசம் பிள்ளையோட சுரப்பி முழுசா வேலை செய்யாது. தாய்கிட்ட இருந்து போறத வச்சுத்தான் மூளை வளரணும். ரொம்பக் குறைஞ்சா பின்னாடி பேச்சு, கவனம், படிப்பு எல்லாத்துலயும் தெரியலாம். மலையடிவாரம், மண்ணுலயும் தண்ணியிலயும் அயோடின் கம்மி. கடல்மீனும் இங்க தினம் திங்கிறதில்ல. உப்புதான் ஒரே வழி. உங்களுக்கு இது பதினாலாவது வாரம். பிந்திட்டோம். ஆனா முடிஞ்சு போகல.”

“என் பிள்ளைக்குக் கேடு நேர்ந்துவிட்டதா?”

“அத யாரும் அளந்து சொல்ல முடியாது. கம்மிதான், ரொம்பக் கம்மி இல்ல. எனக்கு நம்பிக்கை இருக்கு. காலையில வெறும் வயித்துல மாத்திரை. உப்ப இன்னைக்கே மாத்துங்க.”

ஒருத்தியின் குருதித் துளியை வைத்து ஓர் ஊரின் உப்பைக் குற்றக்கூண்டில் ஏற்றமுடியுமா? நம் முன்னோர் எந்த மருந்தைத் தூவி உண்டார்கள்? அவர்கள் அறிவிற் குறைந்தவர்களா?

இவ்வினாக்களை அங்கேயே கேட்டிருக்கலாம். மருத்துவரின் கை என் கழுத்தில் இருந்ததால் கேட்கவில்லை.

ஆடி 21, புதன்

தவமணி தேனிக்குச் சென்று பை உப்பு வாங்கிவந்தார். என் கணவருக்கு மின்வாரியத்தில் கம்பமேறும் பணி; எண்பதடி உயரத்தில் அஞ்சாதவர்.

“சட்டைக்குள்ள ஒளிச்சுக் கொண்டாந்தேன் கயலு. சாராயம் கடத்துறவனுக்குக்கூட இம்புட்டு வேர்த்திருக்காது.”

“நகையாடாதீர்கள்.”

“வீட்டுக்குள்ளயாச்சும் அந்த மைக்க அணைச்சு வையேன். சரி, ஊருக்கு எப்ப சொல்லப் போற?”

“ஒருத்திக்கு வந்த நோய்க்கு ஊரை ஏன் கலக்கவேண்டும்?”

“அதுவும் சரிதான்” என்றார். அவர் சொன்ன விதத்தில் சரி இருக்கவில்லை.

தூளுப்பைப் பழைய ஊறுகாய்ச் சாடியில் கொட்டி மேல்தட்டில் வைத்தேன். கல்லுப்புப் பானை அடுப்போரம் அதன் இடத்திலேயே இருக்கிறது. இருப்பதை ஏன் வீணாக இடம் மாற்றவேண்டும்.

ஆடி 27, செவ்வாய்

காலை: மாத்திரை, அரைமணி கழித்து தோசை, அவித்த முட்டை. நண்பகல்: சோறு, நெத்திலிக் குழம்பு. இரவு: வீட்டில் சப்பாத்தி. மழையால் மாயக்காள் கடைக்குச் செல்ல இயலவில்லை.

மழை என்று எழுதிவிட்டேன். தூறல்தான்.

ஆவணி 6, வெள்ளி

பள்ளி வாயிலில் மாயக்காள் காத்து நின்றாள். இடுப்பில் நாவரசி, கையில் சீனிமிட்டாய்ப் பொட்டலம்.

“டீச்சர், எனக்கு ரெண்டு மாசம். உங்க பிள்ளையும் எம்பிள்ளையும் ஒரே பெஞ்சுல உக்காந்து படிக்கும் பாத்துக்கங்க. இதுக்கும் நீங்கதான் பேரு வைக்கணும்.”

மகிழ்ந்தேன். மெய்யாகவே மகிழ்ந்தேன். நலவாழ்வு நிலையத்தில் பதிந்துகொள்ளச் சொன்னேன்.

“அதுக்கென்ன, அடுத்த மாசம் பதிஞ்சுக்கலாம். கேப்பக்கூழு, கீரை, கல்லுப்பு எல்லாம் நீங்க சொன்ன மாதிரி சுத்தமாத்தான போகுது” என்றாள்.

சொல்ல வாயெடுத்தேன். வகுப்புக்கு மணி அடித்துவிட்டது.

ஆவணி 7, சனி

நான் பேசவிருக்கும் உப்புத் திருநாள் முடியட்டும், மாயக்காளிடம் சொல்லிவிடலாம். இன்னும் எட்டே நாள். எட்டு நாளில் என்ன ஆகிவிடப் போகிறது.

ஆவணி 15, ஞாயிறு

எங்கள் தமிழ் மன்றத்தின் உப்புத் திருநாள். சந்தைத் திடல் நிறைந்தது. ஐம்பது மணித்துளி பேசினேன். கைதட்டல் வழக்கம்போல். முதல் வரிசையில் மாயக்காள், அவள் மடியில் நாவரசி.

காலை உணவு: மாத்திரை, தோசை.

ஆவணி 24, செவ்வாய்

பதினோராம் வகுப்பில் செய்யுள் நடத்திக்கொண்டிருந்தபோது வயிற்றுக்குள் ஒரு மீன் திரும்பியது. பாதி அடியில் நிறுத்திவிட்டேன். “என்னாச்சு மிஸ்?” என்று பிள்ளைகள் கேட்டார்கள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு அதே அடியை மும்முறை படித்தேன்.

மாலையில் செவிலியரிடம் உணவுப் பட்டியலைத் தனித்தாளில் பெயர்த்துக் கொடுத்தேன். முழுவதும் படித்தார்.

“எம்புட்டு அழகான கையெழுத்து டீச்சர். எல்லாம் இருக்கு, உப்பு மட்டும் எங்கயும் எழுதக் காணோம்.”

“உப்பை எவரேனும் எழுதுவார்களா?”

“அதான். அத யாரும் எழுதுறதில்ல” என்று தாளை மடித்தார்.

குருதியில் சுரப்பு அளவு சீராகி வருகிறதாம். பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பும் நன்று. கடவுள் நம்பிக்கை அற்றவள் நான். வீடு திரும்பும் வழியில் யாருக்கோ நன்றி சொல்லத் தோன்றியது.

புரட்டாசி 4, சனி

நடந்ததை நடந்தவாறே எழுதுகிறேன்.

நண்பகல் மாயக்காள் வந்தாள். மடி நிறைய நெல்லிக்காய். “வாய் கசந்து கெடக்கு டீச்சர், உப்பு தொட்டுத் திம்போம்” என்று நேரே அடுக்களைக்குள் நுழைந்தாள். கல்லுப்புப் பானையின் மூடியைத் திறந்தவள் கை வைக்காமல் நின்றாள்.

“இதுல கை பட்டு மாசக்கணக்காச்சு போல. மேலாப்புல கட்டி தட்டி ஏடு கட்டிக் கெடக்கு. தெனமும் அள்ளுற உப்பு இப்பிடி இருக்காதே.”

நான் மூடியை வாங்கிப் பானையை மூடினேன்.

“அப்ப எதப் போட்டு ஆக்குறீக?” அவள் கண் அடுக்களையைச் சுற்றி மேல்தட்டில் நின்றது. எக்கிச் சாடியை எடுத்தாள். ஒரு விரல் தொட்டு நாவில் வைத்தாள். நாளும் முந்நூறு இட்டலி ஊற்றுகிறவளுக்கு விளக்கம் வேண்டியதில்லை.

“எப்ப இருந்து டீச்சர்?”

“ஆடி இருபத்தொன்று.”

எல்லாவற்றையும் சொன்னேன். சுரப்பி, தாயிடமிருந்து போகும் சத்து, முதல் நான்கைந்து மாதம், மூளை, பேச்சு. பேச்சு என்ற சொல்லுக்கு வந்தபோது இருவருமே தரையைப் பார்த்தோம். நாவரசி அங்கே அமர்ந்து நெல்லிக்காய்களை உருட்டி உருட்டிச் சுவரில் மோதவிட்டுக்கொண்டிருந்தாள்.

“ரெண்டு மாசம்னு பள்ளிக்கூட வாசல்ல வந்து சொன்னேனே, அப்ப உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“உப்புத் திருநாள் அன்னைக்கு?”

“தெரியும்.”

“எனக்கு எப்ப சொல்றதா இருந்தீக?”

அவள் குரலை உயர்த்தவில்லை. ஆயிரம் மேடைகளில் எழுந்த எதிர்க்கேள்விகளை நின்ற இடத்திலேயே மடக்கியிருக்கிறேன். இந்த ஒன்றுக்கு இருந்த விடையைச் சொல்லும் துணிவு இல்லை. அந்த விடை இது: கைதட்டலை இழக்க அஞ்சினேன். அதற்கு ஈடாக வைத்தது உன் வயிற்றுப் பிள்ளையை.

மகளை அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். நெல்லிக்காய்கள் தரையெங்கும் கிடந்தன. வயிறு இடிக்கக் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன்.

புரட்டாசி 5, ஞாயிறு

ஒன்றும் உண்ணத் தோன்றவில்லை. பிள்ளைக்காக உண்டேன்.

புரட்டாசி 6, திங்கள்

விடிந்ததும் மாயக்காள் கடைக்குப் போனேன். “கிளம்பு, மருத்துவரைப் பார்ப்போம்” என்றேன்.

“நர்சக்காட்ட நேத்தே வீட்டுல போயிப் பேசிட்டேன். பத்து மணிக்கு வரச்சொல்லிருக்காக. நீங்க வாரதுன்னா வாங்க” என்றாள். இட்டலித் தட்டில் துணியை விரித்துக்கொண்டே சொன்னாள், என்னைப் பார்க்கவில்லை. ஆனால் வாங்க என்றாள்.

தாய், மகள் இருவருக்கும் குருதி எடுத்தார்கள். ஊசி ஏறியபோது நாவரசி அழுதாள். அழுகையில் அவளுக்கு எந்தக் குறையும் இல்லை. காது கேட்கும் திறனைச் சோதிக்கத் தேனிக்கு எழுதிக் கொடுத்தார் மருத்துவர்.

மாயக்காள் வெளியே சென்றதும் கேட்டேன்: “இந்தப் பிள்ளை பேசாததற்கு அந்த உப்புதான் காரணமா?”

“ஒரு பிள்ளை பேசாததுக்கு நூறு காரணம் இருக்கும் டீச்சர். இதுதான்னு கை காட்டமாட்டேன். இது இல்லன்னும் சொல்லமாட்டேன்.” கையைத் துடைத்துக்கொண்டே அவர் சொன்னார்: “நீங்க தீர்ப்பு கேக்குறீங்க. என்கிட்ட வைத்தியம்தான் இருக்கு.”

புரட்டாசி 14, செவ்வாய்

முடிவுகள் வந்தன. மாயக்காளுக்குக் கேடயச் சுரப்பு ஓரளவு குறைவு, மாத்திரை தொடங்கியாயிற்று. நாவரசியின் காதுகள் நன்று. அவளுக்கும் சுரப்பு சற்றுக் குறைவு. அவளுக்கும் சிறு மாத்திரை. வாரம் ஒருமுறை தேனியில் பேச்சுப் பயிற்சி. “மூணு வயசுக்குள்ள வந்துட்டீங்க, இந்த வயசுல மூளை இன்னும் மண்ணு மாதிரி, தண்ணி ஊத்த ஊத்த வாங்கும்” என்றார் மருத்துவர்.

ஆவணி ஆறு முதல் புரட்டாசி நான்குவரை எண்ணிப் பார்த்தேன். இருபத்தொன்பது நாள். எட்டு என்று எழுதியிருக்கிறேன்.

மாயக்காள் கடையில் இப்போது புது உப்புதான். நீலப் பலகை மட்டும் அப்படியே தொங்குகிறது. “இன்னும் ஏன் அதை எடுக்கவில்லை?” என்றேன்.

“நான் எடுத்தா மாயக்கா கடையில உப்பு மாறிருச்சும்பாக, அம்புட்டுத்தான். இந்த ஊருல மாசமா இருக்கிறவ நான் ஒருத்தியா? மேடையில சொன்னத மேடையிலதான டீச்சர் எடுக்கணும்.”

ஐப்பசி 6, வியாழன்

அங்கன்வாடித் துறையார் நடத்தும் பொது வளைகாப்பு. ஊரில் கருவுற்ற பெண்கள் அனைவரையும், எக்குலத்தாராயினும், ஒரே வரிசையில் அமர்த்திச் சந்தனம் பூசி வளையல் இட்டு ஐவகைச் சோறு பரிமாறுவார்கள். முப்பத்தெட்டுப் பேர் வந்திருந்தார்கள். எனக்கு ஏழாம் மாதம். வரிசையிலும் எனக்கு இடம் உண்டு, சிறப்புப் பேச்சாளராக மேடையிலும் இடம் உண்டு. வரிசையில் அமர்ந்தேன். பக்கத்தில் மாயக்காள் இருந்தாள். அவள் கையில் நானும் என் கையில் அவளும் வளையல் அடுக்கினோம்.

ஒலிவாங்கியின் முன் நின்றேன். பதினேழு அகவை தொட்டு மேடையேறுகிறேன்; இதுவரை ஒரு சொல்லையும் திரும்பப் பெற்றதில்லை.

சொல்லவேண்டியதை உவமையின்றிச் சொன்னேன். “நான்காண்டுக்கு முன் இந்த ஊரில் உப்பைப் பற்றிப் பேசினேன். தவறாகப் பேசினேன். சிறு உப்பளத்தார் வாழவேண்டும் என்றது சரி. உப்பில் அயோடின் சேர்ப்பது நமக்கு எதிரான சூழ்ச்சி என்றது பிழை. அதை அறியாமல் சொன்னேன். அறிந்த பிறகும் இரண்டு மாதத்துக்கு மேல் மறைத்தேன். ஆவணியில் திடலில் பேசிய அன்று என் வீட்டில் வெந்தது பை உப்புச் சோறு. உங்கள் வயிற்றில் இருக்கும் பிள்ளைகளின் மூளைக்கு அந்தச் சத்து வேண்டும். இன்றே உப்பை மாற்றுங்கள். மருத்துவரிடம் குருதி ஆய்வு செய்துகொள்ளுங்கள். பேசாத, கற்கத் தடுமாறும் சிறுபிள்ளைகள் வீட்டில் இருந்தால் தூக்கிவாருங்கள். நானே உடன் வருகிறேன்.”

கைதட்டல் இல்லை. பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து, தன் மகனின் கையைப் பற்றிக்கொண்டு என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி வெளியேறினாள். அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன், மறக்கவும் கூடாது.

அப்போது சமையற்கட்டின் வாயிலிலிருந்து கரண்டியோடு ஒரு குரல். சமையற்காரர் ஒச்சம்மாள். “ஏத்தா டீச்சரு, நீங்க வாரீகன்னுதான் மெனக்கெட்டுக் கல்லுப்பு தேடி வாங்கி அஞ்சு சோத்தையும் கிண்டிருக்கேன். இப்ப நான் இத என்ன செய்ய?”

யாரோ ஒருத்திக்குச் சிரிப்பு பீறிட்டது. அது வரிசை நெடுகப் பரவியது. வளையல்களும் சேர்ந்து குலுங்கின.

மாயக்காள் எழுந்தாள். “கொண்டாங்கக்கா, பசிக்குது. ஒரு வேளை தின்னா ஒண்ணும் ஆகாது, நாலு வருசம் தின்னதுதான் தப்பு. நாளையில இருந்து மாத்திப் போடுங்க.”

புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச் சோறு, சர்க்கரைப் பொங்கல். யாவும் உண்டேன். எழுதி வைக்கிறேன்: உப்பு, கல்லுப்பு.

ஐப்பசி 7, வெள்ளி

மன்றச் செயலாளர் தொலைபேசியில் அழைத்தார். “உப்பு வணிக முதலைகளுக்கு நீங்களே படி கட்டிக் கொடுத்துவிட்டீர்கள்” என்றார். கல்லுப்பின்மீதும் அயோடினைத் தெளிக்க இயலும். அந்தத் தெளிப்பானைச் சிறு உப்பளத்தாருக்கு அரசு வழங்கவேண்டும் என்று மன்றம் போராடட்டும், முதல் ஆளாக நிற்கிறேன் என்றேன். இணைப்பைத் துண்டித்தார். அடுத்த திருநாளுக்கு வேறு பேச்சாளர் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

தவமணி மாலையில் வந்து, “மூணு கடையிலயும் பை உப்பு தீந்துபோச்சாம். நாளைக்கு லோடு வருதாம். உன் பேச்சுக்கு இன்னும் மவுசு இருக்கு கயலு” என்றார். இந்த முறை அவர் சொன்ன விதமும் சரியாக இருந்தது.

கார்த்திகை 9, செவ்வாய்

நீலப் பலகையை இறக்கி எழுத்தை நானே மாற்றினேன். முக்காலியில் அமர்ந்து எழுத, தவமணி வண்ணக் குவளையைப் பிடித்துக்கொண்டார். என் பெயரை அழித்துவிடச் சொன்னேன். மாயக்காள் மறுத்துவிட்டாள்.

“பேரு இருக்கட்டும். மொதல்ல சொன்னதும் நீங்க, மாத்திச் சொன்னதும் நீங்க. நாளைக்கு யாரும் கேட்டா காட்டுறதுக்கு ஒரு ஆளு வேணும்ல.”

ஆகவே இப்போது: ‘கயற்கண்ணி டீச்சர் மாற்றிச் சொன்னபடி, இங்கே அயோடின் உப்பு மட்டும்.’

அன்று வெளியேறிய பெண் நலவாழ்வு நிலையத்துக்கு மகனுடன் வந்தாள் என்று செவிலியர் சொன்னார். என்னைத் துணைக்கு அழைக்கவில்லை. வந்தாளே, போதும்.

தை 22, வியாழன்

செவ்வாய்க் கிழமை காலை ஒன்பதேகாலுக்கு மகள் பிறந்தாள். எடை இரண்டே முக்கால் கிலோ. அழுகை மருத்துவமனைத் தாழ்வாரத்தின் மறுமுனைவரை கேட்டதாகத் தவமணி பெருமை கொள்கிறார்: “ஒலிவாங்கி வேணாம், வயருகூட இழுக்க வேணாம்.”

குதிகாலில் ஒரு துளி குருதி எடுத்து ஆய்வுக்கு அனுப்பியிருக்கிறார்கள். இந்தத் துளிக்காகத்தான் ஆறு மாதமாகக் காத்திருக்கிறேன் என்பதைத் தவமணியிடமும் சொல்லவில்லை. அவரும் அதற்காகத்தான் உறங்காமல் இருக்கிறார் என்பது தெரியும்.

தை 28, புதன்

சுரப்பு அளவு இயல்பு. இயல்பு. இயல்பு.

மாசி 10, ஞாயிறு

இன்றைக்கு உணவுப் பட்டியல் எழுதவில்லை. தவமணி ஆக்கிப் போட்டதை உண்டேன், அதில் உப்பு சற்று மிகுதி.

மாயக்காளுக்கு எட்டாம் மாதம். மூச்சு வாங்க வந்து என் கட்டிலில் அமர்ந்தாள். வயிற்றுப் பிள்ளையின் துடிப்பும் அவளுடைய சுரப்பு அளவும் நன்றாக இருக்கின்றனவாம். இந்தப் பிள்ளைக்குப் பெயர் கேட்டாள். “முதலில் பிறக்கட்டும், முகத்தைப் பார்த்து நீயே வை” என்றேன். என் மகளுக்கும் இன்னும் பெயர் வைக்கவில்லை. அறுபது பிள்ளைகளுக்கு மேடையில் நொடிப்பொழுதில் பெயர் தந்தவள், இருபது நாளாக ஒரு முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

நாவரசி தொட்டிலின் ஓரத்தைப் பற்றியபடி நின்றாள். ஐந்து மாதமாக மாத்திரை. இருபது வாரமாகத் தேனிப் பயிற்சி. உதட்டைக் குவித்துக் காற்றை ஊதிக் காட்டுகிறாள். கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்க்கிறாள். நேற்று ‘ம்மா’ என்பதுபோல் ஏதோ வந்ததாம். மாயக்காளுக்கு ஐயம், பசியில் முனகியதாகவும் இருக்கலாம் என்றாள்.

தெருவில் தேனி வண்டி ஒலியெழுப்பிக்கொண்டு திரும்பியது. நாவரசி தொட்டிலை விட்டுச் சன்னலுக்கு ஓடினாள். கம்பியைப் பற்றிக்கொண்டு விரலை நீட்டினாள். உதடு குவிந்தது, பிரிந்தது, மீண்டும் குவிந்தது.

“பச்சு” என்றாள்.

மாயக்காள் எழ முயன்று முடியாமல் கட்டிலிலேயே இருந்தாள். அவள் கை என் கையைத் தேடிப் பிடித்தது.

நாவரசி எங்களைத் திரும்பிப் பார்த்தாள். நாங்கள் காதில் வாங்கவில்லை என்று எண்ணினாள்போலும். இன்னும் உரக்க, இன்னும் தெளிவாகச் சொன்னாள்: “பஸ்ஸு.”

ஓராண்டுக்கு மேலாக அவளை மடியில் வைத்து நான் ஓதிய சொல் அதுவன்று. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஆமாம்மா” என்றேன். “பஸ்தான்.”